அஞ்சாவது வீடும் திறக்காத கதவும்

சென்னை மாநகரத்தில் தன் இஷ்டத்துக்கு ஒரு இட்லியைக்கூட எடுத்துச் சாப்பிடாத ஒரே பிறவி, அபிராமபுரம் பெண்கள் விடுதியில் இரண்டு வருஷம் என் அறையில்தான் குடியிருந்தது. மெஸ்ஸில் தட்டு வந்ததும் அடுக்கிய இட்லிகளை விரலால் எண்ணுவாள். அஞ்சாவது எதுவோ அதுதான் அவளுக்கு. ஓரம் பிய்ந்திருந்தாலும் சரி, நடுவில் வேகாமல் இருந்தாலும் சரி. விடுதி முழுக்க அவளுக்கு ‘அஞ்சாவது வீடு’ என்றே பெயர். சொந்தப் பெயர் ஒன்று உண்டுதான். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், ‘சம்பந்தப்பட்டவங்ககிட்ட சம்மதம் வாங்கினியாடி?’ என்று போனில் விசாரணை வரும்.

நாங்கள் இருவரும் எம்.ஏ. சமூகவியல். தெருவில் சர்வே எடுக்கப் போனால் பிடித்த வீடாகப் பார்த்து நுழையக் கூடாது, அஞ்சு வீட்டுக்கு ஒரு வீடு என்று கணக்கு வைத்துத்தான் கதவைத் தட்ட வேண்டும் என்று முதல் வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் அதைப் பரீட்சைக்குப் படித்து, மறுநாள் மறந்தோம். அவள் மட்டும் அதை வாழ்க்கைக்குப் படித்துவிட்டாள்.

ஷேர் ஆட்டோ என்றால் நாலை விட்டு அஞ்சாவதில் ஏறுவாள். ஒருநாள் மந்தைவெளியில் நாலாவது வண்டி காலியாக வந்து நின்றது. இவள் ஏறவில்லை. டிரைவர் இறங்கியே வந்துவிட்டார்.

“இன்னாம்மா, வண்டி சொம்மாதான கீது. ஏறு.”

“நீங்க நாலாவதுண்ணே.”

அந்த மனுஷன் தன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், தான் எதில் நாலாவது என்று கேட்டார்.

ரங்கநாதன் தெருவில் சுடிதார் வாங்கப் போனால் அதே கதைதான். அஞ்சாவது ஹேங்கரில் தொங்கியது கடுகு மஞ்சளில் பச்சைக்கிளிகள் போட்டது. விற்கிற கடைக்காரரே, “அது வேணாம்மா” என்றார். அதைத்தான் வாங்கினாள். கல்லூரி விழாவுக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்தாள். ஏண்டி இப்படிப் படுத்துகிறாய் என்று கேட்டால் ஒரே பதில்தான்: “நமக்குப் புடிச்சதாவே எடுத்துட்டிருந்தா நம்ம புத்தி மட்டும்தாண்டி தெரியும். ஊரு தெரியாது.”

ஒருமுறை சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டு எழுதித் தரும்படி வார்டன் அம்மா அவளிடம் சொல்லிவிட்டார். பாவம், தெரியாமல் சொல்லிவிட்டார். இவள் அறைகளை எண்ணிக்கொண்டே போனாள். மாடியில் ஓர் அஞ்சாவது கதவு வார்டன் அம்மாவுடைய கதவாகவே அமைந்துவிட்டது. தட்டினாள். அவர் நடத்துகிற மெஸ்ஸைப் பற்றி அவரிடமே பதினோரு கேள்வி கேட்டாள். வார்டன் முதலில் முறைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, “உண்மையைச் சொல்லணும்னா சாம்பார் சகிக்கல” என்றார். அதையும் எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் சாம்பாரில் பருப்பு தென்பட்டது.

இப்படிப்பட்டவளிடம் என் பிழைப்பு போய் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

எங்கள் படிப்பில் கடைசி அரைவருஷம் எட்டு வாரம் ஏதாவது ஓர் இடத்தில் இன்டர்ன்ஷிப் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் பட்டம் கிடையாது. துறை நோட்டீஸ் போர்டில் ஐந்து இடங்களின் பெயர் ஒட்டியிருந்தார்கள். அஞ்சாவது வீடு ஐந்து பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கினாள். பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றி வாழ்கிறவர்களைப் பற்றிய ஆய்வு வந்தது. மறுபேச்சு பேசாமல் அனுப்பினாள். கிடைத்தும் விட்டது. நானோ மூன்று இடங்களுக்கு நல்ல நல்ல ஆங்கிலத்தில் எழுதிப் போட்டு மூன்றிலும் ‘வருந்துகிறோம்’ வாங்கிவைத்திருந்தேன்.

மிச்சம் ஒரே ஓர் இடம். அடையாறு பக்கம் இருந்த அரசாங்கச் சமூக ஆய்வு அலுவலகம். இதுவும் போனால் கும்பகோணத்தில் மாமாவின் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அழுது சமாளிக்கலாம். ஆறுதலாகச் சொன்னார். “ஏசி ரூம்மா” என்று வேறு சொன்னார்.

அந்த அலுவலகத்துக்குக் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், துறைத்தலைவர் கையெழுத்து, இரண்டு போட்டோ எல்லாம் போதாதாம். ஏதாவது ஒரு தெருவில் பத்து வீட்டில் ஏறி, ரேஷன் கடைக்கு அந்த வீட்டில் யார் போகிறார்கள், ஏன் அவர் போகிறார் என்று விசாரித்து, இரண்டு பக்கம் எழுதி இணைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும். எனக்கென்ன, மயிலாப்பூரில் தோழிகளின் சித்தி, பெரியம்மா வீடுகளாகப் பார்த்து ஒரே நாளில் பத்தையும் முடித்துவிட்டு, ஏப்பம் விட்டபடி அறைக்கு வந்தேன்.

அஞ்சாவது வீடு தாள்களைப் புரட்டிப் பார்த்தாள்.

“பத்து வீட்லயும் காபி குடுத்தாங்களா?”

“ஒரு வீட்ல அடையும் குடுத்தாங்க.”

“அப்ப இது சர்வே இல்லடி. விருந்து.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை, என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவுக்குப் போனாள். என் பர்ஸிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுக்கச் சொல்லி, அதன் எண்ணில் கடைசி இலக்கத்தைப் பார்த்தாள். மூன்று. தெருமுனையிலிருந்து மூன்றாவது வீட்டில் ஆரம்பித்து, அங்கிருந்து அஞ்சு அஞ்சாக எண்ணிப் போக வேண்டும் என்று உத்தரவானது.

மூன்றாவது கணக்கு ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் வந்து நின்றது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகரப் பார்த்தேன். அவள் நகரவில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு என்றிருந்தால் அது குடும்பம் என்பது புத்தகத்தில் உள்ள இலக்கணம். குருக்களைக் கூப்பிட்டு இங்கே சமையல் உண்டா என்று கேட்டாள். தினமும் பொங்கல் இங்கேதான் பண்ணுகிறேன் என்றார் அவர். அவள் முகத்தில் கவலை வந்தது. யாராவது இங்கேயே படுத்துத் தூங்குவார்களா என்று அடுத்த கேள்வி. இல்லை, நடை சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். “அப்ப சரி” என்று பெருமூச்சு விட்டு, பிள்ளையாரைக் கணக்கிலிருந்து எடுத்தாள்.

புதன்கிழமைக்குள் ஒன்பது வீடு முடிந்தது. பத்தாவதாக வாய்த்தது ஒரு பச்சை கேட் வீடு. செவ்வாயன்று மணி அடித்தோம். பதில் இல்லை. என்னை ஒரு சீட்டு எழுதவைத்துக் கதவுக்கு அடியில் தள்ளினாள். புதன் மாலை மறுபடி அடித்தோம். பதில் இல்லை. இன்னொரு சீட்டு. பக்கத்து வீட்டு மாமி இரண்டு நாளாக எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், ரேஷன் கார்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

“அந்தாத்துல கதவைத் திறக்கவே மாட்டா. என்னைக் கேளுங்கோ, நான் நன்னா பதில் சொல்றேன்.”

“மன்னிச்சுக்கோங்க மாமி. நீங்க ஆறாவது வீடு.”

மாமியின் முகம் சுருங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுகிறது, இவள் பாத்திரத்தை நகர்த்துகிறாள். தெருவிலேயே சண்டை போட்டேன். அவள் அசையவில்லை. வேறு வேறு நேரத்தில் மூன்று தடவை போக வேண்டும், அதற்கும் திறக்காவிட்டால்தான் பூட்டிய வீடு என்று எழுதலாம், மூன்றாவது தடவை நாளைக் காலை நீயே போ என்று சொல்லிவிட்டாள்.

வியாழன் காலை கிளம்பத்தான் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், திறக்காத கதவுக்கு எதற்கு ஒரு நடை என்று தோன்றியது. பஸ் தி.நகர் போகிற பஸ். அதன் மனதை நான் ஏன் புண்படுத்த வேண்டும்? பாண்டி பஜாரில் ஒரு பிளவுஸ் பிட் எடுத்து, நாலு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, திரும்பி வந்து, ‘மூன்றாம் முறை, வியாழன் காலை. பூட்டியிருந்தது’ என்று அழகாக எழுதிவைத்தேன்.

சாயங்காலம் வந்தவள் கேட்டாள், “போனியா?”

“போனேன்.”

“சரி” என்றாள். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் துணை இயக்குநர் மேடம். வெயிலில் நடந்து நடந்தே பதவிக்கு வந்தவர் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விண்ணப்பதாரர்கள் எழுதிய வீடுகளுக்கு அலுவலக ஆட்கள் மறுபடி நேரில் போய்ச் சரிபார்ப்பது அங்கே வழக்கமாம். அது எனக்குத் தெரியாது. என் பச்சை கேட்டுக்கும் போயிருக்கிறார்கள். அரசாங்க அடையாள அட்டையைக் கண்டதும் கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஒரு பெரியவர். மூன்று தடவையும் அவர் வீட்டுக்குள்ளேதான் இருந்தாராம். ஏதோ பாலிசி விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாராம். ஆனால் கதவுக்கடியில் வந்த சீட்டுகளைப் பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

மேடம் அவற்றை என் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். மூன்று சீட்டு. இரண்டு என் கையெழுத்து. மூன்றாவது அவளுடையது. தேதி வியாழன், காலை ஒன்பதரை.

‘ஐயா, வணக்கம். இது மூன்றாவது வருகை. தொந்தரவுக்கு மன்னிக்கவும், இனி வரமாட்டோம். விண்ணப்பித்தவர் இன்று வர இயலவில்லை. அவருக்குப் பதிலாக நான் வந்தேன்.’ கீழே அவளுடைய சொந்தப் பெயர், முழு இனிஷியலோடு.

இவள் என்னைக் காப்பாற்றினாளா, மாட்டிவிட்டாளா என்றே புரியவில்லை. கண் முன்னால் கும்பகோணம் டைல்ஸ் கடை ஏசியோடு தெரிந்தது.

“நீங்க போனதாதானே எழுதியிருக்கீங்க?” என்றார் மேடம்.

அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “போகல மேடம். பாண்டி பஜார் போனேன்” என்றேன்.

“என்ன வாங்கினீங்க?”

“பிளவுஸ் பிட்.”

சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. என் தாள்களைப் புரட்டினார். விண்ணப்பித்த மற்றவர்கள் அத்தனை பேருக்கும் பத்து வீடும் திறந்திருந்ததாம். போய்ப் பார்த்தால் பாதி வீட்டில் யாரும் வந்ததாகவே தெரியாதாம். “இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தெருவுலயும் பத்து வீடும் திறந்ததில்லம்மா” என்றார். “உங்க ஒருத்தருக்குத்தான் திறக்காத வீடு இருந்துச்சு. ஒரு பொய்யும் இருக்கு. அந்தப் பத்தாவது வீட்டை நீங்களே போய் முடிச்சுக் குடுங்க. முடிச்சா திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கலாம்.”

அலுவலகத்திலிருந்து நேராகப் பச்சை கேட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கதவு திறந்தது. பெரியவர் தனியாகத்தான் இருந்தார். மற்ற ஒன்பது வீட்டிலும், ‘வேற ஆளில்லை, அதனால நான் போறேன்’ என்று அலுத்துக்கொண்ட பதில்தான் கிடைத்திருந்தது. இவரிடம் ரேஷன் கடைக்கு யார் போகிறார்கள் என்று கேட்டேன்.

“நான்தான் போறேன். சர்க்கரை எனக்கு ஆகாது, இருந்தாலும் போவேன். வரிசைல நின்னா நாலு பேர்கிட்ட பேசிண்டிருக்கலாம், இல்லையா?”

அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். மாமியின் பதிலை வாங்கிக்கொண்டு போயிருந்தால் இதை நான் கேட்டிருக்கவே மாட்டேன் என்று நினைத்தேன். அவளுக்கு அன்றைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அறைக்கு வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். ஏண்டி போனாய் என்று கேட்டேன்.

“நீ போகமாட்டேன்னு தெரியும்.”

“போனவ என் பேரை எழுதித் தொலைச்சிருக்கலாம்ல? நான் மாட்டியிருக்க மாட்டேன்.”

அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “போனது நான்தானடி?” என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே, பெரியவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். அப்புறம் அவளும் கொஞ்சம் அழுதாள்.

அந்த எட்டு வாரத்தில்தான் நான் மனுஷர்களிடம் கேள்வி கேட்கக் கற்றேன். இன்றைக்கு இந்தப் பத்திரிகைப் பத்தியை எழுதுவதும் அந்தப் பிழைப்பின் தொடர்ச்சிதான். டைல்ஸ் கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அஞ்சாவது வீடு இப்போது ஊர் ஊராக, தெருத் தெருவாகக் கதவு தட்டுகிற உத்தியோகத்தில் இருக்கிறாள். எப்போது எந்த ஊரில் இருப்பாள் என்று அவளுக்கே முன்கூட்டித் தெரியாது.

போன வருஷம் நானும் கணவரும் அடையாறில் வாடகைக்கு வீடு தேடினோம். அவருக்கு ஒரு வீடு பிடித்தது, தண்ணீர் நன்றாக வருகிறது என்று. எனக்கு இன்னொன்று. அதில் பால்கனி கிடையாது, சமையலறையில் இருவர் நிற்க முடியாது. ஏன் இதுவென்று அவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார், நான் சொல்லவில்லை. தெருமுனையிலிருந்து எண்ணிப் பார்த்தேன், அஞ்சாவது. எந்த வீட்டிலிருந்து எண்ண ஆரம்பிக்க வேண்டும் என்பதை ரூபாய் நோட்டுதான் சொல்ல வேண்டும், நீயாக முனையிலிருந்து எண்ணினால் செல்லாது என்று, கேள்விப்பட்டால் அவள் திட்டுவாள். திட்டட்டும். ஒருநாள் அவள் எங்கள் தெருவுக்கும் எண்ணிக்கொண்டே வரலாம். எங்கள் வீட்டில் மணி அடித்தால், யார் என்றுகூடக் கேட்காமல், முதல் தடவையே நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுகிறேன்.