ஏழு காலி டப்பாக்கள்

பிளேடு தேடப் போன செல்லத்துரைக்கு, குளியலறை அலமாரியின் மேல்தட்டு காலியாக இருப்பது கண்ணில் பட்டது. கௌரி தன் காலி டப்பாக்களைப் போட்டு வைத்திருந்த மஞ்சள் பையைக் காணவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தான். ஒரு சீப்பும் இரண்டு ஹேர்பின்னும் மட்டும் கிடந்தன. அப்போதுதான் அன்று காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. மாதம் ஒருமுறை பிளாஸ்டிக் எடுக்க வரும் பஞ்சாயத்துப் பெண்கள் வாசலில் கூப்பிட, அவன் அவசரத்தில் பால் கவர், ஷாம்பு பாட்டில், எண்ணெய் டின் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சாக்கில் திணித்துக் கொடுத்திருந்தான். மஞ்சள் பையும் அதோடு போயிருக்க வேண்டும்.

அவை சாதாரணக் காலி டப்பாக்கள் அல்ல. கௌரி ஒரு யூடியூப் சேனல் நடத்தினாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தான் தீர்த்த கிரீம், ஜெல், ஃபேஸ்வாஷ் டப்பாக்களை மேஜையில் வரிசையாக வைத்து, எதை மறுபடி வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்று சொல்லுவாள். அடுத்த வீடியோ வரும் ஞாயிற்றுக்கிழமை. அன்று வியாழன்.

அவள் நேற்றுத்தான் பொள்ளாச்சிக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். போன விதமும் சரியில்லை. போன வாரம் ஒரு காதுகுத்து விருந்தில், "உங்க ஊட்டுக்காரி என்ன பண்றாங்க?" என்று யாரோ கேட்டார்கள். "காலி டப்பாவைக் காட்டி வீடியோ எடுக்கறா. எங்க பால் சொசைட்டில காலி கேன் நாப்பது கெடக்குது, அதையும் காட்டச் சொல்லியிருக்கறேன்" என்றான் செல்லத்துரை. பந்தியே சிரித்தது. கௌரி இலையைப் பார்த்துக்கொண்டு ரசம் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தாள். அதற்குப் பிறகு அவள் அவனிடம் பேசியது மொத்தம் ஒரு வாக்கியம்: "ஞாயித்துக்கெழமை வந்தர்றேனுங்க."

இப்போது டப்பாவும் போய்விட்டது என்று தெரிந்தால், வேண்டுமென்றே செய்ததாகத்தான் நினைப்பாள்.

செல்லத்துரை பைக்கை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஷெட்டுக்கு ஓடினான். அங்கே ஆள் உயரத்துக்குப் பிளாஸ்டிக் குவிந்திருந்தது. அவன் வீதிக்கு வரும் சுப்பாத்தாள் வேறு வார்டுக்குப் போய்விட்டிருந்தாள். தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எல்லாரும் கொண்டாந்து போடுவாங்க. எடுக்க வந்தவங்க நீங்க ஒருத்தர்தானுங்க."

ஒரு மணி நேரம் கிளறினான். ஒரு மூட்டுவலித் தைல டியூப், மூன்று ஹேர் டை டப்பி, யாருடையதோ ஒரு பல்செட் டப்பா. மஞ்சள் பை மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து, அதில் என்னென்ன இருந்தன என்று யோசித்தான். எட்டு வருஷமாக அந்த அலமாரியைத் தினமும் பார்த்தவனுக்கு ஒரு பெயர்கூட நினைவில்லை. வேறு வழியில்லாமல் மனைவியின் சேனலைத் திறந்தான். அதுதான் முதல் தடவை.

முதல் வீடியோவில் அவள் குரல் நடுங்கியது. ஐந்தாவதில் நடுக்கம் போயிருந்தது. "இது நல்ல வாசனைங்க. ஆனா வாசனைக்குத்தான் காசு குடுக்கறோம், தோலுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று நேராகச் சொன்னாள். கீழே வேலந்தாவளத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'நீங்க சொன்னதக் கேட்டு அந்த கிரீம வாங்கல அக்கா. அந்தக் காசுல மகளுக்கு ஸ்கூல் ஷூ எடுத்தேன்.' செல்லத்துரை அதை இரண்டு தடவை படித்தான். பத்தொன்பது வீடியோவையும் பார்த்தான். கடைசி வீடியோவின் முடிவில், அடுத்த மூன்று மாதத்துக்கு வாங்கிய ஏழு பொருட்களை அவள் காட்டியிருந்தாள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டான்.

மறுநாள் காலை ரஹீமாவின் ஃபேன்சி ஸ்டோரில் ஏழும் கிடைத்தன.

"கௌரிக்குங்களாண்ணா?" என்றாள் ரஹீமா.

அவளும் கௌரியும் தோழிகள். விஷயம் போனில் பொள்ளாச்சி போய்விடும். "இல்லீங்க, எனக்குத்தான்" என்றான்.

ரஹீமா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். "நல்லதுங்கண்ணா. இப்பவாச்சும் தோணுச்சே" என்று சொல்லி, கன்னத்தில் எப்படித் தேய்க்க வேண்டும் என்பதைக் கடையில் இருந்த நாலு பெண்களுக்கு முன்னால் செய்து காட்டினாள்.

இனி இரண்டே நாளில் ஏழு டப்பாவும் காலியாக வேண்டும். வாஷ்பேசினில் கொட்டலாம் என்று மூடியைத் திறந்தான். ஷூ வாங்கிய பெண் ஞாபகத்துக்கு வந்தாள். கொட்ட மனசு வரவில்லை. பூசிக்கொண்டான்.

சன்ஸ்கிரீனை முகம், கழுத்து, இரண்டு கை என்று அப்பிக்கொண்டு சொசைட்டிக்குப் போனான். பால் ஊற்ற வந்தவர்கள் அவன் முகத்தையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எந்தா சேட்டா, பாலுக்குள்ள விழுந்துட்டீங்களா?" என்றான் உடன் வேலை பார்க்கும் மலையாளி ஜோமோன்.

"வெயிலுக்குப்பா."

"உள்ள இருந்து பால் அளக்கறதுக்கு எந்த வெயிலு?"

மத்தியானம் ரோஸ் வாட்டர். சாயந்திரம் சீரம், அதற்கு மேல் நைட் கிரீம். ஈ மொய்த்தது. அப்படியும் கற்றாழை ஜெல் முக்கால் டப்பா மிஞ்சியது. ஜோமோனின் பசுவுக்கு மடிக்காம்பு வெடித்துக் கறக்க விடாமல் உதைத்துக்கொண்டிருந்தது. செல்லத்துரை ஜெல்லை அவனிடம் கொடுத்து, "தடவிப் பாரு. கறக்கறதுக்கு முன்ன சுடுதண்ணில தொடச்சுரு. டப்பாவை மட்டும் கழுவாமக் கொண்டா" என்றான்.

சனிக்கிழமை கடைசியாகக் கரி மாஸ்க் மிஞ்சியது. முகம் முழுக்கத் தடவி, காயவிட்டு உரிக்க வேண்டும். தடவினான். காய்ந்தது. நெற்றியும் கன்னமும் சுலபமாக வந்தன. மேலுதட்டில் இழுத்தபோது உயிர் போய்த் திரும்பி வந்தது. கண்ணாடியில் பார்த்தான். மீசையின் இடது பாதி மாஸ்கோடு கையில் இருந்தது. ரோமம் உள்ள இடத்தில் தடவக் கூடாது என்று டியூபின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருந்ததை அதற்கப்புறம்தான் படித்தான்.

வலது பாதியை அவனே எடுத்துவிட்டான். கல்யாணத்துக்கு முன்பிருந்து இருந்த மீசை. பிறகு ஏழு காலி டப்பாவையும் பழையது போலவே ஒரு மஞ்சள் பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு கௌரி வந்து இறங்கினாள். வாசலில் அவனைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"மீசை எங்கீங்க?"

"சும்மா, ஒரு மாறுதலுக்கு."

உள்ளே போனாள். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செல்லத்துரை சமையலறையில் ஒரே டம்ளரை மூன்று தடவை கழுவினான். கடைசியில் அவள் மஞ்சள் பையோடு வெளியே வந்தாள். ஏழையும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது... இங்கதான் இருந்துச்சுங்களா?"

"வெச்ச எடத்துலதான் இருக்குது. நான் தொடவே இல்லை."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் முகத்தைவிட மினுமினுப்பாக இருந்தது. என்ன நினைத்தாளோ, போனை ஸ்டாண்டில் மாட்டினாள். "உக்காருங்க. இதுல எதைத் திருப்பி வாங்கலாங்க?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தாலும், செல்லத்துரைக்கு வாய் நிற்கவில்லை. "சன்ஸ்கிரீன் வேண்டாம். ரெண்டு மணி நேரத்துல வேர்த்து சட்டைக்கு எறங்கிருது. சீரம் பத்தி எனக்குச் சொல்லத் தெரியல, பொய் சொல்லக் கூடாது. கரி மாஸ்க்க மீசை இருக்கறவன் தொடவே கூடாது. கற்றாழை ஜெல் கண்டிப்பா வாங்கலாம். மாட்டுக்கே ஒத்துக்குச்சு, ஒதைக்கறத நிறுத்திருச்சு."

கௌரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்தாள்.

"இப்படியெல்லாம் சொல்றதுக்கு எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

"உன்ற வீடியோ பாத்துத்தான். பத்தொம்பதும் பாத்தேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "விருந்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது கௌரி."

அவள் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு ரெக்கார்டை அழுத்தினாள். "வணக்கமுங்க. இன்னைக்கு நம்மகூட ஒருத்தர் வந்திருக்கறாரு."

அந்த வீடியோவை வழக்கத்தைவிடப் பத்து மடங்கு பேர் பார்த்தார்கள். மீசை முளைத்துவிட்டதா என்று கேட்டே நூறு பேர் எழுதினார்கள். அடுத்ததற்கான டப்பாக்கள் அலமாரியில் சேர ஆரம்பித்தன. பழைய டப்பாக்கள் குப்பைக்குப் போனது கௌரிக்குக் கடைசிவரை தெரியவே இல்லை என்று செல்லத்துரை நிம்மதியாக இருந்தான்.

அடுத்த மாதம் சுப்பாத்தாள் வாசலில் வந்து நின்றபோது அவன்தான் சாக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தான். கௌரி உள்ளே, மீசையைக் கேட்டவர்களுக்குப் பதிலாக ஒரு சின்ன வீடியோவுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். சுப்பாத்தாள் அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

"மறுபடியும் ஆரம்பிச்சுருச்சுங்களா தம்பி? ரொம்ப சந்தோசமுங்க. போன மாசம் பொள்ளாச்சிக்குப் போறப்ப பஸ் ஸ்டாப்புல என்னைப் பாத்து, 'இனி இந்தச் சேனலே வேண்டாங்க்கா'ன்னு அழுதுட்டே அந்த மஞ்சப் பையை என்ற கையில குடுத்துட்டுப் போச்சுங்க."