முட்டை அட்டைப் பூவும் சின்னதுரையின் தூக்கமும்

சின்னதுரை கண் விழித்தபோது அவர் மேல் எழுபது வெள்ளைப் பூக்கள் கிடந்தன. தலைமாட்டில் ஒரு வளையம். நெஞ்சில் ஒரு கொத்து. காலடியில் மரியாதையாக ஒரு சரம். வாசலில் பக்கத்து வீட்டு அப்பாவு செருப்பைக் கழற்றிவிட்டு, தோள் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"எத்தினி மணிக்கும்மா எடுக்கறீங்க?" என்று அவர் சின்னதுரையின் மனைவி மெர்சியிடம் தணிந்த குரலில் கேட்டது, படுத்திருந்தவர் காதில் நன்றாகவே விழுந்தது.

"யாரய்யா எடுக்கறது? நான் இங்கதான கீறேன்!" என்று எழுந்து உட்கார்ந்தார். அப்பாவு போட்ட அலறல் ரயில்வே கேட் வரை கேட்டிருக்கும்.

"இன்னாடி இதெல்லாம்?"

"பேப்பர் பூவு. கோந்து காய வாணாமா?" என்றாள் மெர்சி. "தரையில எடம் இல்ல. கட்டில்ல ஓரமா கொஞ்சம் எடம் இருந்திச்சு. அப்பால பாத்தா, உன் வயித்து மேல நெறய எடம் இருந்திச்சு."

தரையில் உட்கார்ந்து காகிதம் வெட்டிக்கொண்டிருந்த அதே தெரு ஏஞ்சலினும் மற்ற மூன்று பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

பன்னிரண்டு வருஷமாகச் சின்னதுரைக்கு இரவு ஷிஃப்ட். தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனி, பேக்கிங் செக்‌ஷன். ஊர் தூங்கும்போது இவர் பெட்டி ஒட்டுவார். ஊர் எழுந்ததும் நாஷ்டாவை முடித்துக்கொண்டு எட்டு மணிக்குச் சாய்ந்தால், இரண்டு மணிக்குத்தான் கண் திறப்பார். அதுவரை குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மெர்சி கொலுசு போடக் கூடாது. காக்கா கத்தினாலும் மெர்சிதான் பதில் சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டால் ராத்திரி மெஷினில் விரல் போய்விடும் என்பார். நியாயம்தான். ஆனால் பன்னிரண்டு வருஷமாகப் பகல் முழுக்க நுனிக்காலில் நடந்த மெர்சியின் கால் என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் மாதா கோயில் ஃபாதர் ஓர் உத்தரவு போட்டார். ஈஸ்டருக்குக் கோயில் வாசலில் வசந்த வளைவு வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பூ வாங்கக் கூடாது. தூக்கிப் போடுகிற அட்டை, காகிதம், கவர் இதிலேயே செய்ய வேண்டும். கும்மிடிப்பூண்டியில் வசந்தம் என்றால், லாரிப் புழுதி மேல் நாலு வேப்பம்பூ உதிர்வது. அந்த நாலு பூவை நம்பி மெர்சியின் தெருப் பெண்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். புது ஃபேன் இருப்பது மெர்சி வீட்டில். அதனால் பட்டறையும் அங்கேதான்.

'இந்தப் பூக்கடைய வேரோட புடுங்கறேன் பாரு' என்று சின்னதுரை சபதம் போட்டார். நேராக மறுக்க முடியாது. சாமி காரியம். ஆனால் சரக்கு? கம்பெனியில் கழித்துப்போட்ட அட்டையை கேட் பாஸ் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர் அவர்தானே! வேண்டிய சரக்கு வராவிட்டால் பூ எப்படிப் பூக்கும்?

அன்று சாயங்காலம் மெர்சி டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "நல்ல வழவழப்பு அட்டையா பாத்துக் கொண்டா. கேன்டீன்ல முட்டை அட்டை குமிஞ்சி கெடக்குமே, அத்த மட்டும் கொண்டாந்துடாத. புண்ணியமா போவும்."

மறுநாள் காலை அறுபது முட்டை அட்டை வந்து இறங்கியது.

மெர்சி தலையில் கை வைத்தாள். "ஐயோ, இத்த வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

"அதான் கெடச்சிது," என்று சின்னதுரை போர்வைக்குள் புகுந்து சிரித்தார்.

அடுத்த நாள், "பொட்டி கட்டுற நீல பட்டை இருக்கே, அது கைய அறுக்கும். வாணவே வாணாம்" என்றாள். ஒரு கட்டு நீலப் பட்டை வந்தது. அதற்கடுத்த நாள், "பம்புக்குச் சுத்தி வர்ற காக்கி பேப்பர் சாணி கலரு, பாக்கவே சகிக்காது" என்றாள். ஒரு மூட்டை காக்கி பேப்பர் வந்தது.

"இந்த மனுசன் எங்கள நிம்மதியா வேல செய்ய வுட மாட்டாரு," என்று மெர்சி மூக்கை உறிஞ்சினாள். பெண்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஏஞ்சலின் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சின்னதுரை பத்து நாள் ராஜா மாதிரித் தூங்கினார். கனவில்கூட ஒரு கத்தரிக்கோல் வரவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு. ஷிஃப்ட் முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வளைவு அப்படி நின்றது. முட்டை அட்டையின் குழிகள் இதழ் பிரிந்து மஞ்சளும் சிவப்புமாகப் பூத்திருந்தன. நீலப் பட்டை முடைந்த கூடைகளில் அவை வழிந்தன. காக்கி பேப்பர் முறுக்கிய கொடி வளைவு முழுக்க ஏறியிருந்தது.

ஏஞ்சலினுக்கு வாய் நிற்கவில்லை. "எல்லாம் நீ கொண்டாந்ததுதாண்ணா! எங்களுக்கு வேண்டியதே அந்த மூணுதான். வாணாம்னு சொன்னாதான் நீ கொண்டாருவன்னு அக்கா சொல்லிச்சு. கரீட்டா கொண்டாந்துட்ட!"

சின்னதுரைக்குக் காது சூடேறியது. பூசை முழுக்க அவர் சாமியைப் பார்க்கவில்லை, மெர்சியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அப்ப இதான் உன் சூட்சுமமா? இனிமே நடக்காதுடி.'

பூசை முடிந்ததும் ஃபாதர் மைக்கைப் பிடித்தார். "ரொம்ப அருமை! நேத்தே மெர்சிகிட்ட சொன்ன மாதிரி, மே மாசம் மாதாவோட மாசம். தினமும் பூ வேணும். மத்த தெருக்காரங்களுக்கும் நீங்க கத்துக்குடுக்கணும். காலையில எட்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும், ஒரு முப்பது பேர் உக்கார எடம் வேணுமே?"

மெர்சி எழுந்தாள். "எங்க ஊட்லயே வெச்சிக்கலாம் ஃபாதர். இப்பவே சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரரு குறுக்க பேச மாட்டாரு."

சின்னதுரையின் மூளையில் ட்யூப்லைட் பட்டென்று எரிந்தது. இவள் வேணாம் என்றால் வேணும் என்று அர்த்தம். அப்படியானால் வெச்சிக்கலாம் என்றால் வேணாம் என்றுதானே அர்த்தம்! முப்பது பேருக்கு டீ போட இவளுக்கு உடம்பு வணங்கவில்லை. நான் குறுக்கே பேசி நிறுத்துவேன் என்று காத்திருக்கிறாள். அந்த வேலை என்னிடம் வேண்டாம்!

துள்ளி எழுந்தார். "தாராளமா வெச்சிக்கங்க ஃபாதர்! மே மாசம் இன்னா, ஜூனும் சேத்து வெச்சிக்கங்க! எனக்கு ஒரு பேஜாரும் இல்ல!"

கோயிலே கைதட்டியது. சின்னதுரை நாலு பக்கமும் கும்பிட்டு, மெர்சியை வெற்றியோடு பார்த்தார். கைதட்டல் ஓய்ந்தது. எட்டிலிருந்து இரண்டு வரை என்பது யாருடைய நேரம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உதட்டை நனைத்துக்கொண்டு, "ஃபாதர், ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பிப்பதற்குள் மைக் மெர்சியின் கைக்குப் போயிருந்தது.

"எல்லாரும் தைரியமா வாங்க, எடம் தாராளமா இருக்கு. காலைல கோயிலுக்குக் கெளம்பும்போதே அவரு கட்டில மொட்ட மாடிக்கு ஏத்திட்டேன்."