பாராசூட்டும் கூழன் சக்கையும்

உதியன்குளங்கரை,
20-5-1955.

கர்த்தருக்குள் பிரியமான மச்சினன் யோசுவாவுக்கு, தையற்கடை ஞானையன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்காள் கிருபாபாய், லீவில் வந்திருக்கும் எங்கள் மகன் எலியா மூவரும் தேவகிருபையால் சுகம். என் இடது கட்டைவிரல் மட்டும் சுகமில்லை, அதன் காரணம் கீழே வரும். அங்கே நீயும் ஆக்ரா வெயிலும் ஒத்துப்போகிறீர்களா என்று எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. "என் மருமகனை விமானத்திலிருந்து குதிக்க விடுகிறீர்களா இல்லையா, ஒரே சொல்லில் பதில் எழுதுங்கள் அத்தான்" என்று கேட்டிருக்கிறாய். நீ பட்டாளத்தில் குதிக்கக் கற்றுக்கொடுக்கிற ஹவில்தார், உனக்கு ஒரு சொல் போதும். எனக்கு ஒரு காற்சட்டைக்கு அளவெடுக்கவே எட்டு இடம் பார்க்கவேண்டும். எலியாவோ அதற்கு மேல். பட்டாளத்தில் சேர்வதற்கு என்னிடம் கேட்காத பயல், இப்போது மட்டும், "அப்பா வாயால போன்னு சொல்லாம நான் குதிக்கப் போவமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். லீவு இருபத்தைந்தாம் தேதி முடிகிறது. ஆகவே என் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நீ காகிதத்தைத் திருப்பிக் கடைசியை முதலில் படிக்கிற ஆள் என்று எனக்குத் தெரியும், படிக்காதே.

இங்கே ஊர் நிலவரம் உனக்குத் தெரிந்ததுதான். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு கட்சி, வரப்போகிற கேரளத்தில்தான் நிற்கவேண்டும் என்று மறு கட்சி. முதல் கட்சிக்குக் கொடி தைக்கத் தங்கையன் வருகிறான், மறு கட்சிக்கு டீக்கடை கிருஷ்ணன்குட்டி வருகிறான். இருவருக்கும் ஒரே மெஷினில், ஒரே நூலில்தான் தைக்கிறேன். இருவரும் என் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கொடி தைத்து முடியும்வரை எல்லையை அங்கும் இங்கும் நகர்த்துவார்கள், பிறகு ஒரே தீப்பெட்டியில் பீடி பற்றவைத்துக்கொண்டு போவார்கள். போன வாரம் முதல் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று போலீஸ் தடை போட்டிருக்கிறது. தடை போட்ட பிறகுதான் எனக்குக் கொடி வேலை கூடியிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் எலியா ஊர் முழுக்கப் பாராசூட் பாடம் எடுக்கத் தொடங்கினான். காலை ஆனால் நம் வீட்டு மதில்மேல் ஏறி நிற்பான், குதிப்பான், உருளுவான். இரண்டு காலையும் ஒட்டவைத்து, முழங்காலை லேசாக மடக்கி, முகவாயை நெஞ்சில் சேர்த்து, முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால், தொடை, இடுப்பின் பக்கம், தோள் என்று வரிசையாக மண்ணில் படவேண்டுமாம். ஒரு காலை முன்னே நீட்டினால் அந்தக் கால் போயிற்று, கையை ஊன்றினால் அந்தக் கை போயிற்று. நான் இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் அவனுடைய காற்சட்டையை வாங்கி, வலது இடுப்புப் பக்கம் உள்ளே இரட்டைத் துணி வைத்துத் தைத்தேன். தேய்கிற இடம் தையற்காரனுக்குத் தெரியவேண்டும். உங்கள் பட்டாளத்துத் தையற்காரனுக்கு அது தெரியவில்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

உன் அக்காளுக்கு இடுப்பைப் பற்றிக் கவலையில்லை, நடுவானத்தைப் பற்றித்தான் கவலை. சோறு பரிமாறும்போது கேட்டாள், "மக்கா, வெளிய சாடினா குடை விரியதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

"பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவேன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள விரிஞ்சிரும் அம்மா. அதுவரைக்கும் கையைக் காலைப் போட்டு அடிக்கப்பிடாது. விறைச்சு நேரா நிக்கணும், அவ்வளவுதான்."

"அப்போ ஆமென் சொல்ல நேரம் கிட்டாதா?"

"ஆமென் கீழ வந்து சொல்லலாம்."

அவள் அதற்குப் பிறகு அவனுக்கு மீன்குழம்பு ஊற்றவில்லை. வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போனான்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, அதை முன்பே உனக்கு எழுதியிருந்தேன். நான் தைக்கிற ஒவ்வொரு சட்டைக்கும் உள்மடிப்பில் ஒரு பொத்தான் கூடுதலாக வைக்கிறேன். ஒரு சட்டைக்கே அந்த ஜாக்கிரதை என்றால், ஒரு மனுஷனுக்கு இரண்டாவது குடை எங்கே என்று கேட்டேன். ஒருவனுக்கு ஒரு குடைதான் என்று பதில் எழுதினாய். நான் நம்பவேண்டும் என்பதற்காக, அரிசி மூட்டையும் மருந்துப் பெட்டியும் இறக்குகிற சின்னப் பாராசூட் ஒன்றை, கழித்துப் போட்டதை, பையோடு பார்சலில் அனுப்பினாய். நல்ல மனதோடுதான் அனுப்பினாய். பின்னால் நடந்தது எதற்கும் உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன், ஒன்றைத் தவிர.

பார்சலைப் பிரித்தேன். குடையில் நாலு கிழிசல். கடையில் தங்கையனின் கொடித் துணியும் கிருஷ்ணன்குட்டியின் கொடித் துணியும் மிஞ்சிக் கிடந்தன, இரண்டிலும் ஒட்டுப் போட்டேன். ஒரு ஒட்டில் பாதித் தமிழ் எழுத்து இருந்தது, மறு ஒட்டில் பாதி மலையாள எழுத்து இருந்தது, நான் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் பையின் வாயில் இருந்தது. யோசுவா, அந்தப் பையின் வாயை ஒற்றை இழையில், விரற்கடைக்கு ஒன்றாக, இழுத்தால் வருகிற மாதிரித் தைத்திருந்தார்கள். கோட்டுக்கு முதல் அளவு பார்க்கும்போது நாங்கள் போட்டுவிட்டுப் பிறகு உருவி எறிகிற தையல் அது. மேல்தையல் போட மறந்து, முதல் தையலோடு அனுப்பிவிட்டான் ஒரு சோம்பேறி என்று நினைத்தேன். என் ரத்தம் கொதித்தது. இருபத்தாறு வருஷம் கடை நடத்துகிறேன், என் தையல் விட்டுப்போயிற்று என்று ஒரு ஆள் படியேறி வந்ததில்லை. அந்த இழையை உருவி எறிந்துவிட்டு, மீன்வலை நூலை இரட்டையாக முறுக்கி, மெழுகு தேய்த்து, நெருக்கிப் பின்தையல் போட்டேன். பட்டாளத்துக்கு என்னால் ஆன ஊழியம் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் சோதனை. தனுவச்சபுரம் போகிற வழியில் நம் சபைக் கோயிலின் மணிமேடையைப் போதகரிடம் கேட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை கூடாது, மணியில் கை வைக்கக்கூடாது என்று இரண்டு நிபந்தனை. குதிக்கிற ஆளாக நம் வீட்டுப் பலாமரத்தின் பழுத்த சக்கை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். சுளை கெட்டியான வரிக்கைச் சக்கையா, கூழாய்க் குழைகிற கூழன் சக்கையா என்பதில் தங்கையனுக்கும் கிருஷ்ணன்குட்டிக்கும் தர்க்கம் வந்தது. புதிதாகக் குதிக்கிறவனுக்கு உடம்பு இளகியிருக்கவேண்டும் என்று கிருஷ்ணன்குட்டி சொன்னதால் கூழனே முடிவாயிற்று. குடையின் கயிறுகளில் சக்கையைக் கட்டி, பையின் கயிற்றை மேலே கம்பியில் கட்டி, எலியா கணக்காகச் சக்கையைத் தள்ளிவிட்டான். சக்கை கயிற்றின் நீளம்வரை வந்தது, சுண்டியது, என் தையல் அசையவில்லை, கம்பிதான் வளைந்து கழன்றது. சக்கை, பை, கயிறு, கம்பி எல்லாம் சேர்ந்து வந்து விழுந்தன. கூழன் என்பதால் சிதறல் அதிகம். நெய்யாற்றின்கரைக் கூட்டத்துக்குப் போவதற்கென்று வெளுத்துக் கஞ்சி போட்ட வேட்டி கட்டி நின்ற கிருஷ்ணன்குட்டி, கண் இரண்டும் நீங்கலாக முழுவதும் சக்கையாக நின்றான். இது தமிழ்க் கட்சியின் திட்டமிட்ட வேலை என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு உன் அக்காளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "எம் பிள்ளையையும் இப்பிடித்தான் விடப் போறாவளா?" என்று மட்டும் கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள். அந்த நிமிஷத்தில் உனக்கு எழுதவேண்டிய ஒரு சொல் எனக்குத் தெரிந்துவிட்டது. மாட்டேன் என்பதுதான் அது.

எலியா கீழே இறங்கி வந்து அந்தப் பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பா, இது நீங்க தச்சதா?"

"பின்ன ஆரு? அவனுவ மேல்தையல் போடாம விட்டதை நான் நேராக்கினேன்."

"அது அறுந்து போவட்டும்னு கெட்டின நூலாக்கும் அப்பா. ஆளு விழும்போ நூலு அறும், பை தொறக்கும், குடை வெளிய வரும். அந்த நூலு அறாம நின்னாத்தான் ஆளு செத்துப்போவான்."

நான் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். அறுவதற்கென்றே ஒரு தையல் இந்த உலகத்தில் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நீயும் எழுதவில்லை. மேலே சொன்ன ஒரு குற்றம் இதுதான். இரண்டு மாதமாக அந்தப் பயலை நான் எந்த நூலால் கட்டிவைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் நினைத்துப்பார்த்தேன். கண் கலங்கியது உண்மைதான். சக்கைப்பால் தெறித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து, பையைக் கழுவிக் காயவைத்து, ஒற்றை இழையில் திரும்பத் தைக்க உட்கார்ந்தேன். என் கைக்கு அது வரவில்லை யோசுவா. கண் அசந்தால் விரல் தானாக இறுக்கிவிடுகிறது. மூன்று தரம் தைத்தேன், மூன்று தரமும் எலியா இழுத்துப்பார்த்துத் தலையை ஆட்டினான். கெட்டதாகத் தைக்க முயன்று கட்டைவிரலில் ஊசி ஏறியது, இருபத்தாறு வருஷத்தில் முதல் தரம். நாலாவது தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தேன். இழுத்துப்பார்த்து, "இது போதும்" என்றான்.

இரண்டாம் சோதனை நேற்று. கம்பியைக் கொல்லன் வந்து நேராக்கிப் பூட்டினான். இந்தத் தரம் வரிக்கை. ஐந்து பேர் தடை இருந்தும் ஊரே வந்திருந்தது, ஆனால் சட்டத்துக்குப் பயந்து ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, நடுவில் நாலடி இடம் விட்டு நின்றார்கள். எலியா தள்ளினான். உன் அக்காள் என் பக்கத்தில் நின்று, "பரமண்டலங்களில்" என்று தொடங்கினாள். நூல் அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. "பிதாவே" என்பதற்கு முன்னால் குடை விரிந்தது. விரிந்து, அந்தச் சக்கை ஒரு தாசில்தார் நடக்கிற மாதிரி அவசரமில்லாமல் இறங்கியது. காற்று அதைத் தெற்கே, தமிழ்நாட்டுப் பக்கமாகத் தள்ளியது. "சக்கைக்கே தெரியும் எங்க சேரணும்னு" என்றான் தங்கையன். உடனே காற்று மாறி வடக்கே வந்தது, கிருஷ்ணன்குட்டி துண்டை எடுத்து வீசினான். குடை சுழலச் சுழல ஒரு பக்கத்தாருக்குத் தமிழ் எழுத்து தெரிந்தது, மறுபக்கத்தாருக்கு மலையாள எழுத்து தெரிந்தது, இரண்டு பக்கமும் அவரவர் கட்சிக்கு ஜே போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் போலீஸ் ஜீப் வந்தது. சக்கை அதன் முன்னால், சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, புல்லில் வந்து உட்கார்ந்தது. உன் அக்காள் "ஆமென்" என்றாள்.

ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் இறங்கி, கூட்டத்துக்குத் தலைவன் யார் என்று கேட்டார். இருநூறு பேரும் சக்கையைக் காட்டினார்கள். அவர் குடையைப் புரட்டினார், தமிழைப் படித்தார், மலையாளத்தைப் படித்தார், எந்தக் கட்சிமேல் வழக்கு எழுதுவது என்று தெரியாமல் நோட்டுப் புத்தகத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பிறகு எலியாவைத் தனியே கூப்பிட்டு என்னமோ கேட்டார். கைதுதான் என்று நான் நினைத்தேன். எடை கூடினால் குடை பெரிதாக வேண்டுமா என்று கேட்டாராம். வேண்டும் என்றதும் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாராம். அங்கேயே சக்கையை வெட்டினோம். ஐந்து ஐந்து பேராக வந்து தின்றார்கள். முதல் ஐந்து பேரில் இன்ஸ்பெக்டரும் இருந்தார். தங்கையனும் கிருஷ்ணன்குட்டியும் ஒரே இலையில் தின்றார்கள், எல்லையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. இத்தனை சந்தோஷமாக இந்த ஊரை நான் இந்த இரண்டு வருஷத்தில் பார்க்கவில்லை.

இப்போது உன் கேள்விக்குப் பதில். போகட்டும். நேற்றுச் சாயங்காலம் கடையை அடைக்கும்போது அவனிடமே சொல்லிவிட்டேன். "போயிட்டு வா மக்கா, காலை ஒட்ட வச்சுக்க" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு இனி ஒரு துளி பயமில்லை. இரண்டாவது குடை கேட்கமாட்டேன். அவன் குதிக்கிற நாளில் வழக்கம்போலக் கடை திறந்து, கொடி தைத்துக்கொண்டிருப்பேன். ஆக்ராவுக்கு வந்து பார்க்கவேண்டும் என்று உன் அக்காள் சொல்கிறாள், அது கோழைகள் செய்கிற காரியம் என்று சொல்லிவிட்டேன்.

சபையார் எல்லாரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். தங்கையன் தமிழிலும் கிருஷ்ணன்குட்டி மலையாளத்திலும் உனக்கு வந்தனம் சொல்கிறார்கள். நீ இறக்குகிற பிள்ளைகள் எல்லாரையும் கர்த்தர் தம் உள்ளங்கையில் ஏந்தி, பாதத்திலிருந்து தோள்வரை வரிசை தப்பாமல் மண்ணில் சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்
ஞானையன்.

பி.கு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஹர்த்தால் என்று பஸ் நின்றுபோனதால், எலியாவும் நானும் திருவனந்தபுரம்வரை நடந்து ரயில் ஏறினோம். ஆகவே நீ இதைப் படிக்கிற இடத்திலேயே தலையை நிமிர்த்திப் பார். இலவம்பஞ்சு மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு உன் முன்னால் நிற்கிற ஆள் நான்தான். மெத்தை எட்டு முழம், இரட்டை நூலில் தைத்திருக்கிறேன், இது அறுவதற்கல்ல. பையன் எந்த வயலில் விழுவான் என்று மட்டும் காட்டு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.