காக்கா மிஸ்ஸி எடுத்த பெரட்டு

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டைத் தாண்டி மேலே ஏறும் அந்தத் தேயிலைப் பகுதியில் சிறுத்தைக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். தோட்டத்துத் துரைக்குப் பயப்படாதவர்களும் இருந்தார்கள். மழைக்கு மண் சரிந்து வாசல்வரை வந்து நின்றபோதும் உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தையே எனக்குத் தெரியும். ஆனால் காக்கா மிஸ்ஸிக்குப் பயப்படாத ஒரு சீவனை, அங்கே படிப்பித்த காலம் முழுவதும் நான் சந்திக்கவில்லை.

மிஸ்ஸி என்றால் அந்தப் பக்கத்தில் மருத்துவிச்சி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு பார்த்து ஓய்வு பெற்றவர். சுற்றியிருந்த லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நடமாடியவர்களில் பாதிப்பேரை இந்த உலகத்தில் முதன்முதலாகப் பார்த்தவர் அவர்தான், அதுவும் தலைகீழாக. அந்த உரிமையை அவர் எவரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் வளர்க்கும் காகங்கள் கோயில் தண்ணீர்த் தொட்டியில் கோழி எலும்பைப் போடுகின்றன என்று யாரோ முறைப்பாடு செய்ய, பொலிஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்தார். மிஸ்ஸி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ மேட்டு லயத்து மாரியாயி மகன்தானே?”

“ஆமாங்க மிஸ்ஸி.”

“பொறந்தப்ப அழவே இல்ல நீ. நீலமாக் கெடந்த. நான்தான் காலப் புடிச்சுத் தொங்க விட்டு, முதுகுல தட்டி அழ வச்சேன். இப்பயும் ஒருக்கா அழ வைக்கவா?”

பொலிஸ்காரர் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, காகங்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இந்த அம்மையாரின் வீட்டில் ஓர் அறைதான் எனக்குத் தங்கிச் சாப்பிடும் போடிங்காகக் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கணித ஆசிரியராகப் புதிதாகப் போயிருந்தேன். என்னை ஏற்றி வந்த ஓட்டோக்காரர் செல்வம் வழியெல்லாம் வீட்டைப் புகழ்ந்துகொண்டே வந்தார்.

“நல்ல வீடுங்க சேர். சாப்பாடும் நல்லா இருக்கும். ஆனா வீட்டுத் தோட்டத்துப் பக்கம் மட்டும் பாத்து நடங்க.”

“ஏன், பாம்பு கிடக்கோ?”

“பாம்பெல்லாம் இல்லைங்க சேர். பாம்பு வந்தா அவுங்க விட மாட்டாங்க.”

‘அவுங்க’ யார் என்று கேட்பதற்குள் வீடு வந்துவிட்டது. செல்வம் என் பெட்டியை வாசலில் வைத்தார். ஓட்டோவைத் திருப்பக்கூட நேரம் எடுக்காமல், பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு மூடுபனிக்குள் மறைந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குக் காகம் என்றால் உயிர்ப்பயம். சின்ன வயதில் என் கையிலிருந்த வடையைக் கொத்திய ஒரு காகம், வடையோடு சேர்த்து விரலிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து கறுப்பாக ஏதாவது தலைக்கு மேலே பறந்தால், அது குடையாக இருந்தாலும் நான் குனிந்துவிடுவேன்.

மறுநாள் விடியலில் யாரோ சட்டியைப் போட்டு உடைக்கும் சத்தம் கேட்டுக் கண்விழித்தேன். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கம்பளித் தொப்பி, தடித்த சுவெட்டர், முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. இந்தக் கோலத்தில் மிஸ்ஸி வீட்டுத் தோட்டத்தின் நடுவில் நின்று எனாமல் பேசின் என்னும் அகன்ற பாத்திரத்தை அகப்பையால் அடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பனி. ஒன்றும் தெரியவில்லை. முதலில் சிறகடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த வெள்ளைக்குள்ளிருந்து கறுப்புக் கறுப்பாக வந்து இறங்கத் தொடங்கின. வேலி நிறைந்தது. தகரக் கூரை நிறைந்தது. கொய்யா மரம் இலை தெரியாமல் போனது. நான் கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

தேயிலைத் தோட்டங்களில் காலையில் தொழிலாளர்களைக் கூட்டி, ஆள் பார்த்து வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். மிஸ்ஸி காகங்களுக்குப் பெரட்டு எடுத்தார். தோட்டத்து உத்தியோகப் பெயர்களையே அவற்றுக்கும் வைத்திருந்தார். கழுத்துத் தடித்த பெரிய அண்டங்காகம் பெரிய தொரை. அதற்குப் பக்கத்தில் எப்போதும் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பது சின்ன தொரை. வேலிமேல் முன்னும் பின்னும் நடந்து மற்றக் காகங்களை மேற்பார்வை செய்வது கண்டாக்கையா. எல்லாருக்கும் முந்திக் கத்துவது கங்காணி.

“சின்ன தொரை, நேத்து ஏன் வரல? சொகமில்லையா? சொல்லிட்டுத்தான் லீவு போடணும். கங்காணி, வாய மூடு. மொதல்ல தொரை சாப்புடட்டும்.”

கருவாட்டுத் தலை போட்டுப் பிசைந்த சோறு, ரொட்டி ஓரம், சில நாட்களில் அவித்த முட்டை. எனக்குக் கிடைத்த காலைச் சாப்பாட்டில் முட்டை இருக்கவில்லை என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

“வாங்க சேர், ஒங்கள அறிமுகப்படுத்தி வைக்கிறேன்,” என்று அழைத்தார் மிஸ்ஸி.

“வேண்டாம் மிஸ்ஸி. எனக்குக் காகம் எண்டால் சரியான பயம்.”

“காகமா? அது பொஸ்தகத்துல இருக்குறதுங்க சேர். இங்க இருக்குறது காக்கா. பயப்பட ஒண்ணும் இல்ல.”

அந்த அறிமுகத்துக்கு உடன்பட்டிருக்கலாம். சில நாட்களில் எனக்கும் அவர்களுக்கும் வேறு விதமாக அறிமுகம் ஏற்பட்டது. பாடசாலைக்குப் புறப்பட்டபோது, வாசல் படலையடியில் பறக்கத் தெரியாத ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. ஏதாவது வாகனச் சக்கரத்தில் அகப்படுமே என்று இரக்கப்பட்டு, கையால் தொடவும் பயந்து, குடை நுனியால் மெல்ல ஓரத்துக்குத் தள்ளினேன். அவ்வளவுதான். மேலே ஒரு காகம் கரைந்தது. அண்ணாந்து பார்த்தபோது ஆகாயத்தைக் காணவில்லை.

அன்று தொடங்கியது. வீட்டுப் படலையிலிருந்து பஸ் நிற்கும் சந்திவரை, ஒவ்வொரு காலையும் அவை என்னைத் தாக்கின. முன்னால் வந்தால் குனியலாம். அவை பின்னால்தான் வந்தன. காதோரத்தில் விசுக்கென்று ஒரு காற்று, பிடரியில் ஒரு கொத்து, திரும்பினால் ஒருவரும் இல்லை. வேறு வழியால் போனேன், அங்கே கங்காணி காத்திருந்தது. சக ஆசிரியரின் மேலங்கியை இரவல் வாங்கிப் போட்டேன், ஏமாறவில்லை. கொரோனாக் காலத்து முகக்கவசம் கட்டினேன்.

“நடைய வச்சே கண்டுபுடிச்சிருவாங்க சேர்,” என்றார் மிஸ்ஸி. “நீங்க வாத்து மாதிரி நடப்பீங்கதானே.”

கடைசியில் செல்வத்திடம் ஒரு பழைய ஹெல்மெட் வாங்கினேன். மோட்டார் சைக்கிள் இல்லாமல் ஹெல்மெட் மட்டும் போட்டுக்கொண்டு வரும் ஆசிரியரைப் பார்க்க, பிள்ளைகள் நேரத்தோடு பாடசாலைக்கு வரத் தொடங்கினார்கள். வரவு கூடியதற்காக அதிபர் என்னைப் பாராட்டினார்.

ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழுதார். “தம்பி, உனக்கு ஏழரைச் சனி துடங்கீட்டுது. சனிக்கிழமையில கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரி.”

இதை மிஸ்ஸியிடம் சொன்னேன். “சனீஸ்வரனுக்கு ஒரு காக்காதாங்க சேர். எனக்கு எத்தனைன்னு பாத்தீங்களா? எங்கிட்ட கேளுங்க,” என்றார்.

அவர் சொன்ன பரிகாரம் நேரடியானது. நான் பெரட்டு நேரத்தில் போய் நின்று, என் கையாலேயே சோறு வைக்க வேண்டும். போனேன். பெரிய தொரை வேலியில் இருந்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார், பிறகு தலையைத் திருப்பி மற்றக் கண்ணாலும் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பேசினைப் போட்டுவிட்டு ஓடி வந்து குளியலறைக்குள் பூட்டிக்கொண்டேன். “தொரைக்கு முன்னால ஓடப்படாதுங்க சேர். ஓடுனா குத்தம் செஞ்ச மாதிரி,” என்று கதவுக்கு வெளியே நின்று மிஸ்ஸி விளங்கப்படுத்தினார்.

இப்படியே மழைக்காலமும் வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில், பேசின் சத்தம் கேட்காமலே விழித்தேன். ஆனால் காகங்களின் சத்தம் கேட்டது. அது வழக்கமான சத்தம் இல்லை. தோட்டத்தின் கடைசியில், தேயிலை தொடங்கும் இடத்துக்கு மேலே, தூறலுக்கும் பனிக்கும் நடுவே ஒரு கறுப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாக ஒரே இடத்தில் இறங்குவதும் எழும்புவதுமாக இருந்தன.

“மிஸ்ஸி!” என்று கூப்பிட்டேன். குசினியில் இல்லை. அறையில் இல்லை. றப்பர் சப்பாத்தையும் காணவில்லை.

முதல்நாள்தான் கீழ் லயத்தில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. காகங்கள் எதைக் கண்டு இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும். நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். பிறகு ஹெல்மெட்டைப் போட்டேன். குடையை எடுத்தேன். வாசற்படியில் இறங்கியபோது என் கால்கள் இரண்டும் வெவ்வேறு திசைக்குப் போக விரும்பின. தெரிந்த தேவாரத்தைச் சொல்லப் பார்த்தேன், பெருக்கல் வாய்பாடுதான் வந்தது. அதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

ஹெல்மெட்டில் டொக், டொக் என்று விழத் தொடங்கியது. ஏழாம் வாய்பாட்டின் நடுவில், தண்ணீர் ஓடும் கானுக்கு வெளியே ஒரு றப்பர் சப்பாத்து நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அதன்மேல் ஒரு காகம். கானுக்குள் எட்டிப் பார்த்தேன். மிஸ்ஸி மல்லாந்து கிடந்தார். அவர் நெஞ்சின்மேல் பெரிய தொரை நின்று எதையோ கொத்திக்கொண்டிருந்தார்.

நான் அலறினேன்.

“கத்தாதீங்க சேர்,” என்றது கானுக்குள்ளிருந்து ஒரு குரல். “தொரை சாப்புடுறாரு.”

சோற்றுப் பேசினோடு சறுக்கி விழுந்திருக்கிறார். சோறு முழுவதும் அவர்மேல். வந்தவர்கள் அவரையே இலையாக்கிப் பெரட்டை நடத்திக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. குடையைக் கண்டு பெரிய தொரை எழும்பிப் போனார். நான் கானுக்குள் இறங்கினேன்.

“எழும்புங்கோ மிஸ்ஸி.”

“முடியலங்க சேர். இடுப்புல என்னமோ ஒடஞ்சிருச்சு.”

அவர் என் கையைப் பிடித்தார். அந்தக் கை பனிக்கட்டி போலிருந்தது. ஊரையே நடுங்க வைத்த கை.

“ரொம்ப நேரமாக் கெடக்கேன். தேயிலைக்குள்ள சலசலன்னு ஒரு சத்தம். சிறுத்தைதான்னு நெனச்சேன். பயந்துட்டேன் சேர்.” என் கையை விடாமல், “செத்துக் கெடந்தா யாருக்குத் தெரியப் போவுது?” என்றார்.

செல்வத்தைக் கூப்பிட வேண்டும். தொலைபேசிக்குச் சிக்னல் கொய்யா மரத்தடியில்தான் கிடைக்கும். நான் எழும்பப் போனேன். கை இறுகியது. “போகாதீங்க சேர்.”

போகவில்லை. அவர் முகத்தில் மழை விழாமல் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் அமர்ந்து, “செல்வம்! செல்வம்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். காகங்களும் என்னோடு சேர்ந்து கத்தின. அவை எனக்கு உதவி செய்தன என்று மிஸ்ஸி இன்றைக்கும் சத்தியம் செய்வார். சோறு முடிந்த கோபம் என்பது என் அபிப்பிராயம். எதுவாக இருந்தாலும் அந்தச் சத்தம் சந்திவரை கேட்டிருக்கிறது. கையில் தடியோடு, ஆளை ஆள் முன்னால் தள்ளிக்கொண்டு, செல்வமும் லயத்து ஆட்களும் வந்தார்கள்.

“காக்காங்க சேரை முடிச்சிட்டாங்கன்னு நெனச்சோம்,” என்றார் செல்வம். அவர் கண்களில் உண்மையாகவே கண்ணீர்.

கம்பளியில் கிடத்தி, ரோட்டுக்குத் தூக்கிப் போனோம். அம்பியூலன்ஸில் ஏற்றும்போதும் மிஸ்ஸி தலையைத் தூக்கிக் கேட்டது ஒன்றைத்தான். “நாளைக்குப் பெரட்டு யாரு எடுக்குறது?”

நின்றவர்கள் அனைவரும் ஓர் அடி பின்னால் வைத்தார்கள். நான் மட்டும் முன்னால் நின்றேன், அசையாமலே.

மறுநாள் காலை பேசினும் ஹெல்மெட்டுமாகத் தோட்டத்துக்குப் போனேன். அகப்பையால் தட்டினேன். எல்லாரும் வந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் கத்தவில்லை. வேலி நீளத்துக்கு இருந்து, அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. மெல்லக் கொய்யா மரத்தடிக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு அழைப்பு எடுத்து, மிஸ்ஸியின் குரலை ஸ்பீக்கரில் போட்டுத் தொலைபேசியை உயரப் பிடித்தேன்.

“ஏய் தொரை! என்ன மொறப்பு? சேரு பாவம், பயந்த மனுசன். எறங்கிச் சாப்புடு!”

வேலி முழுவதும் அதிர்ந்து எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது, என் சப்பாத்துக்கு முன்னால் பெரிய தொரை நின்று ஒரு கருவாட்டுத் தலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

மன்னித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். தோட்டத்துக்குள் என் கையால் சாப்பிட்டுவிட்டு, ரோட்டில் வைத்து என் பிடரியில் கொத்தினார்கள். இதைப் பற்றி மிஸ்ஸியிடம் முறையிட்டேன். “அது வேற, இது வேறங்க சேர்,” என்று நீதி வழங்கினார்.

அவர் ஊன்றி நடக்கும் இரும்புச் சட்டத்தோடு வீட்டுக்கு வந்தார். கொழும்பிலிருந்து மகன் வந்து தன்னோடு வரும்படி கெஞ்சினார். “கொழும்புக் காக்கா எல்லாம் குப்பை திங்கிற காக்கா. நமக்கு ஒத்து வராது,” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு பெரட்டை இருவருமாக எடுத்தோம். அவர் நாற்காலியில் இருந்து அதட்ட, நான் பயந்து பயந்து பரிமாறினேன். ரோட்டில் கொத்துவது எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் பாதி வழியில்தான், தலையில் ஒன்றும் போடாமல் வந்துவிட்டதை உணர்ந்தேன்.

பிறகு எனக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்தது. சொன்னபோது மிஸ்ஸி, “போங்க. அம்மா அங்க தனியா இருக்காங்கதானே,” என்றார். அன்று முழுவதும் காகங்களைக் காரணமில்லாமல் ஏசினார்.

போன கிழமை மிஸ்ஸி தொலைபேசியில் பேசினார். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

“நீங்க போனதுலருந்து இவுங்க யாருமே சரியாச் சாப்புடுறது இல்லைங்க சேர். வச்ச சோறு அப்புடியே கெடக்கு.”

அந்தக் கூட்டம் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. சோறு இறங்காதது காகங்களுக்கு இல்லை என்று எனக்கு விளங்கியது.

“வாற வெள்ளிக்கிழமை பஸ் ஏறுறன் மிஸ்ஸி,” என்றேன்.

“வாங்க சேர்,” என்றார். பிறகு கங்காணியை வாயை மூடச் சொல்லி அதட்டிவிட்டு என்னிடம் சொன்னார். “அவுங்க ரொம்ப சந்தோசப்படுவாங்க.”