அரை நிமிடத்துக்கு ஒரு ஓம்

நெளுக்குளத்தில் நெட் கடை நடத்திய முதலாளி, நீங்கள் ஒரு பொய்யர். வேலை தெரியாத விசரன் என்று சொல்லி ஓம் அண்ணையைத் துரத்தினீர்கள். ஆமென்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’ என்ற ஒரே சொல்லால் கட்டாரையும் கனடாவையும் வவுனியாவோடு கட்டி வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான்.

போர் நின்றிருந்த சமாதான காலம் அது. தொலைவிலுள்ள உருத்திரபுரத்திலிருந்துகூட பஸ் ஏறி வந்து வெளிநாட்டுக்குக் கதைப்பார்கள். அவர்களைக் கணினி முன்னால் இருத்துவது என் வேலை. ஓம் அண்ணை டெக்னீசியன்.

வெளிநாட்டில் இருப்பவர் கதைக்கும்போது எங்கள் சனம் மரியாதைக்கு வாயே திறக்காது. அரை நிமிடத்தில் குரல் நின்றுவிடும். முதலாளி லைனைத் திட்டுவார். ஓம் அண்ணை ரவுட்டருக்கு முன்னால் கதிரை போட்டு மூன்று நாள் இருந்தார். சோறும் அங்கேதான்.

“இந்தப் பெட்டி சென்றிக் காவல்காரன் மாதிரி, தங்கச்சி. உள்ளுக்கிருந்து ஆரும் வெளியில போனால் பேரைப் பதியும். அந்தப் பேருக்கு மறுமொழி வந்தால் உள்ள விடும். அரை நிமிசம் உள்ளுக்கிருந்து ஒண்டும் போகேல்லையெண்டால் பேரை வெட்டிப்போடும். பிறகு வாறதெல்லாம் வாசலோட சரி.”

அங்கே கதைக்கிறவருக்கு அது தெரியாதா என்று கேட்டேன்.

“இது யூடிபி எண்டு ஒரு அனுப்புற முறை. அனுப்பினதோட அலுவல் முடிஞ்சுது. சேர்ந்ததோ எண்டு திரும்பிக் கேளாது.”

மைக்கில் சத்தம் இல்லையென்றால் எங்கள் மென்பொருள் எதையும் அனுப்பாது. ஆகவே, கேட்டுக்கொண்டிருப்பவர் இருபது விநாடிக்கு ஒருமுறை ‘ஓம்’ சொல்ல வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினார். ஒருவரும் சொல்லவில்லை. அவரே சொல்லத் தொடங்கினார். கையில் மணிக்கூடு, ஏழு கணினி, ஒவ்வொரு மைக்கிலும் குனிந்து ஒரு ‘ஓம்’. பெருநாள் அன்று ஓடிய ஓட்டத்தில் செருப்பு இரண்டும் அறுந்தன.

அன்றுதான் பரீதா அக்கா வந்தா. கட்டாரிலிருந்த கணவர் மெல்லிய குரலில், “என்னில இன்னும் அன்பு இருக்கோ?” என்று கேட்டார். அக்கா வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தா. பத்தொன்பது விநாடி. ஓம் அண்ணை குனிந்து, தடித்த குரலில், “ஓம்” என்றார்.

“ஆரது ஓம் எண்டது?”

அடுத்த நாள் கணவரின் தம்பி கடைக்கு வந்து, அந்த ஆம்பிளைக் குரல் யாருடையது என்று சண்டை பிடித்தார். அதற்கடுத்த நாள் ஓம் அண்ணைக்கு வேலை இல்லை.

போவதற்கு முன் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கினார். மென்பொருளுக்குள் ஒரு சின்னத் துண்டைச் சேர்த்தார். ஆள் பேசாவிட்டாலும் இருபது விநாடிக்கு ஒருமுறை அது வெறுமையான ஒரு தரவுப் பொட்டலத்தை வெளியே அனுப்பும். அதற்கு ‘ஓம்’ என்று பெயர் வைத்துவிட்டு, அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அதன்பின் ஒரு குரலும் நிற்கவில்லை. முதலாளி, நீங்கள் வாசலில் போர்ட் தொங்கவிட்டீர்கள்: ‘வெட்டுப்படாத லைன், எமது சொந்தக் கண்டுபிடிப்பு.’

அவர் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. யார் போனில் கதைத்தாலும் இருபது விநாடிக்கு ஒருமுறை நான் ‘ஓம்’ சொல்கிறேன். அவர் பேரை யாரும் வெட்டிப்போடக் கூடாது.

முதலாளி, அந்தத் துண்டை எழுதியது அவர்தானே? இந்தக் கடிதம் வரும் இதே பத்திரிகையில், எல்லாரும் பார்க்கப் பதில் எழுதுங்கள். ஒரு சொல் போதும். எந்தச் சொல் என்று உங்களுக்குத் தெரியும்.