இரத்த அழுத்தத்துக்கு நான் எழுதிய தலைப்பு

பத்திரிகையில் தலைப்பு எழுதிப் பழகியவன் காய்கறிப் பட்டியல் எழுதினாலும் அதில் ஒரு பதற்றம் வந்துவிடும். இது என் மனைவிக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடம் கேட்டாள்.

அவள் டாக்டர். நீலசந்திரா பகுதியில் சின்ன கிளினிக். பிரஷர்காரர்கள் தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், மறுபடி வருவதில்லை என்பது அவளுடைய தீராத கவலை. தேதி தவறியவர்களுக்குக் கம்ப்யூட்டரே செல்போனில் செய்தி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தாள். வாசகம் மட்டும் பாக்கி.

"ரெண்டே வரிங்க. அன்பா எழுதுங்க."

எழுதினேன்: "எச்சரிக்கை! உங்கள் இரத்தக் குழாய்களில் ஓசையின்றி ஓர் ஆபத்து நெருங்குகிறது. உடனே வாருங்கள்!" (அன்புக்காகத்தான் இரண்டு ஆச்சரியக்குறி.) வேலை அவசரத்தில் அவள் படிக்காமலே ஏற்றிவிட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மூடுபனி. சாலையோர மரங்களின் இளஞ்சிவப்புப் பூக்களும் பனியும் ஒரே நிறமாகக் கலந்து நகர்ந்தன. பஸ் போகிறதா, தெரு மிதக்கிறதா என்று தெரியாத அரைத்தூக்கம். மடியில் போன் அதிர்ந்தது.

"மணிவண்ணன் அவர்களே, எச்சரிக்கை!"

நானும் மாத்திரையை விட்டவன்தான். அதை மனைவி கம்ப்யூட்டரிடம் சொல்லியிருந்தாள், என்னிடம் சொல்லவில்லை. எழுதியது நானே என்று எனக்குத் தோன்றவேயில்லை. 'ஓசையின்றி' என்ற சொல் மட்டும் காதுக்குள் டமடமவென்று அடித்தது. கனவில் ஓடுகிறவன்போல இறங்கி, ஆட்டோ பிடித்து, கிளினிக் வாசலில் குதித்தேன்.

அங்கே தெருவரை கூட்டம். தேதி தவறிய எல்லோருக்கும் அன்று காலைதான் செய்தி போயிருந்தது. எல்லோருக்கும் பிரஷர் எகிறியிருந்தது.

"அடுப்பக்கூட அணைக்காம ஓடியாந்துட்டேன் டாக்டரம்மா," என்றார் விவேக் நகர் சகாயமேரி அக்கா. "இத எழுதுனவனுக்குத்தான் மொதல்ல பிரஷர் பாக்கணும்!"

"அவருக்குத்தான்க்கா பாத்துக்கிட்டிருக்கேன்," என்றாள் மனைவி, என் கையில் பட்டையைச் சுற்றியபடி.

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் அளவும் ஏறியது.

பிறகு மனைவி குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்: "இன்னிக்குப் பயந்து வந்தவங்க, அடுத்த மாசம் வருவாங்களாங்க?"

எல்லோரையும் உட்காரச் சொன்னாள். மின்விசிறி மெல்லச் சுழன்றது. ஓரிருவர் கண்ணயர்ந்தார்கள். மறுபடி பார்த்தபோது பலருக்கும் அளவு இறங்கியிருந்தது.

அன்றே அவள் வாசகத்தை மாற்றினாள்: "மாத்திரை தீர்ந்திருக்குமே? வந்துட்டுப் போங்க." வருகிறார்கள். சகாயமேரி அக்காவும் வருகிறார், நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டு.

வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் பால் திரிந்தாலும் என் மகள் இன்றும் கேட்கிறாள்: "அம்மா, ஒரு விஷயம். அப்பா மாதிரி சொல்லட்டுமா, மனுஷங்க மாதிரி சொல்லட்டுமா?"