நாலு கணவாயும் ஒரு கீழறையும்

நிவேஸ் ஒயின் கோப்பையைக் கவிழ்த்து, விரித்த மாவை வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வட்டத்திலும் கொஞ்சம் பீட்ரூட் மசியலை வைத்து, மடித்து, ஓரத்தை விரலால் அழுத்தினால் ஒரு கசுன்சியே, அந்த மலைநாட்டுக் கொழுக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை கோயில் விருந்துக்கு இருநூறு வேண்டும். கை இரண்டும் முழங்கை வரை சிவப்பு. புதிதாக யாராவது உள்ளே வந்தால் கொலை நடந்த வீடு என்றே நினைப்பார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணவர் எத்தோரே தன் தீர்மானத்தை அறிவித்தார்.

"நான் ஜிரோ பின்னாடி போறேன்."

"எதுக்கு, பிடிக்கவா?"

ஜிரோ என்றால் இத்தாலியையே மூன்று வாரம் சுற்றுகிற சைக்கிள் பந்தயம். இந்த வருஷம் அதன் மலைப்பாதை முழுக்க இவர்கள் பக்கத்தில். பந்தயக்காரர்கள் மத்தியானம் ஏறப்போகும் மலைக்கணவாயில் காலையிலேயே நாம் ஏறிவிட வேண்டும். அப்புறம் ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் வருவதைப் பார்த்துக் கை தட்ட வேண்டும். இப்படி ஒரு சுற்றுலா. வழிகாட்டி உண்டு, தங்க இடம் உண்டு, பழுது பார்க்கப் பின்னாலேயே ஒரு வேனும் உண்டு. நாலு நாள், நாலு கணவாய்.

எத்தோரே ஆணிக்கடைக்காரர். வயது ஐம்பத்துநாலு. வயிறு அதைவிடக் கொஞ்சம் மூத்தது. இருபது வருஷமாக அவர் ஏறாத மலை கிடையாது, எல்லாம் மதுக்கடை மேசையில், வாயால். வீட்டுக் கீழறையில் மூன்று சைக்கிளை ஆணியடித்து மாட்டி, ஞாயிறுதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். துடைத்து, திரும்ப மாட்டிவிடுவார். அந்தக் கீழறையைத்தான் நிவேஸ் ஆறு வருஷமாகக் கேட்கிறாள். தெருவைப் பார்த்த அறை. ஒரு மேசை, ஒரு அடுப்பு போட்டால் கசுன்சியே கடை. ஊர் விருந்துக்கெல்லாம் சும்மா செய்கிற கைக்குச் சொந்தமாக ஒரு இடம்.

"அப்ப ஒண்ணு பேசிக்குவோம்" என்றாள் கையை நிறுத்தாமல். "நாலு கணவாயும் உங்க கால்ல ஏறிட்டு வாங்க. கீழறை உங்களுக்கே. நான் சாகிற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன். ஒண்ணு குறைஞ்சாலும் அறை எனக்கு."

"நீ நம்பணுமே?"

"உச்சியில பேர்ப்பலகை இருக்குமில்ல. அது பக்கத்துல நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க, போதும்."

எத்தோரேவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. போட்டோவில் ஆள் தெரியும், சைக்கிள் தெரியும், பலகை தெரியும். எப்படி வந்து சேர்ந்தார் என்பது தெரியாது.

வேன் ஓட்டுகிறவன் லோரிஸ், மதுக்கடைத் தோழன். முதல் நாள் இரண்டாவது வளைவிலேயே எத்தோரேவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது, வேனில் ஏறிவிட்டார். உச்சிக்கு ஒரு வளைவு பாக்கி இருக்கும்போது பிடிப்பு விட்டுவிட்டது. இரண்டாம் நாள் டியூபில் காற்று போனது. அதை அவரே பிடுங்கிவிட்டார் என்பது லோரிஸுக்கு மட்டும் தெரியும்.

"அண்ணே, கொஞ்ச தூரமாவது மிதிங்க. வெள்ளைக்காரங்க பாக்குறாங்க."

"நாமளும் வெள்ளைக்காரங்கதானேடா."

"அவங்க டச்சுக்காரங்க. காசுக்கு வஞ்சனை இல்லாம மிதிக்கிறாங்க."

ஒவ்வொரு உச்சியிலும் போட்டோ எடுத்தார், நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்து. நிவேஸ் உடனுக்குடன் பதில் போட்டாள். முதல் நாள்: 'சட்டை பளிச்சுன்னு இருக்கு.' இரண்டாம் நாள்: 'ஷூவும்தான்.' மூன்றாம் நாள்: 'முடி கலையவே இல்ல. அழகா இருக்கீங்க.'

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அழகு என்று அவள் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. அதை மூன்று முறை படித்துவிட்டு, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினார் மனிதர்.

நாலாம் நாள் கொர்னோ கணவாய். அவருடைய சொந்த ஊருக்கு மேலே நிற்கிற மலை. ஊரெங்கும் ஜிரோவின் நிறமான இளஞ்சிவப்பில் தோரணம். பாதை எப்போது மூடும் என்ற அறிவிப்பை ஊராட்சி ஒரு வாரம் முன்பே மதுக்கடைக் கதவில் ஒட்டியிருந்தது. அதை ஊரிலேயே முதலில் படித்தவர் எத்தோரேதான். இரண்டு வரி இருந்தது. மேல்வரி வண்டிகளுக்கு, கீழ்வரி சைக்கிளுக்கு. தன்னை வீரன் என்று நினைத்துக்கொண்ட ஆள் எதைப் படிப்பார்? கீழ்வரியைத்தான் படித்தார். பதினொன்றரை. தான் ஏறப்போவது வேனில் என்பது அந்த நிமிஷம் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை.

ஆகவே சுற்றுலாவில் கூட வந்த டச்சுக்காரர்கள் விடியற்காலையிலேயே வழிகாட்டியோடு மிதித்துப் போய்விட, இவரும் லோரிஸும் இரண்டு காப்பி குடித்து, ரொட்டி தின்று, பத்தரைக்குக் கிளம்பினார்கள். சொந்த ஊராயிற்றே என்று எத்தோரே வேனின் பின்பக்கம் மழைச்சட்டைக் குவியலுக்குள் படுத்துக்கொண்டார். பக்கத்தில் சைக்கிள். காலடியில் தண்ணீர்க் கேன்.

ஊர் எல்லையில் வேன் நின்றது. தடுப்புக் கட்டை. பக்கத்தில் பந்தயத் தொண்டர் ஒருவர்: மஞ்சள் மேலங்கி, கழுத்தில் விசில், கையில் கொடி.

"அண்ணே" என்று லோரிஸ் உதடு அசையாமல் சொன்னான், "அக்கா நிக்கிறாங்க."

"எந்த அக்கா?"

"உங்க அக்கா இல்ல. எங்க அக்கா. உங்க வீட்டுக்காரி."

எத்தோரே மழைச்சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"வா லோரிஸு" என்றாள் நிவேஸ். "வண்டிக்கு ஒன்பது மணியோட மூடியாச்சே. போர்டு பாக்கலையா?"

"பாத்தவரு பதினொன்றரைன்னு சொன்னாரு, அக்கா."

"அது சைக்கிளுக்கு. எங்க வீட்டுக்காரர் மேல போயிட்டாரா?"

"அவரு... முன்னாடியே போயிட்டாரு."

"வேகமான ஆளு. சரி, வண்டிய ஓரம் கட்டு. போலீஸ் வந்தாத்தான் திருப்ப முடியும்."

உள்ளே எத்தோரே கணக்குப் போட்டார். மணி பத்தே முக்கால். உச்சிக்கு ஏழு கிலோமீட்டர். இப்போது பின்கதவு வழியாக நைசாக இறங்கினால் முக்கால் மணி நேரம் இருக்கிறது. மிதித்துவிடலாம். நிஜமாகவே மிதித்துவிடலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு மிதிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. மெதுவாகக் கைப்பிடியைத் திருகினார்.

கதவு அசையவில்லை. வெளியே மடக்கு நாற்காலி கதவில் சாய்கிற சத்தம்.

"வெயில் தாங்கல, லோரிஸு. உன் வண்டி நிழல்ல கொஞ்சம் உக்காந்துக்கிறேன். உங்கம்மாவுக்கு இப்ப கால் வலி எப்படி?"

லோரிஸ் அம்மாவுக்கு இரண்டு கால். வலது கால் கதை முடியவே பதினொன்றாயிற்று. இடது காலுக்கு வந்தபோது எத்தோரேவின் சட்டை பளிச்சென்று இல்லை, முதுகில் ஆறு ஓடியது. கூப்பிடவும் முடியாது, கம்மென்று கிடக்கவும் முடியாது. குரல் கொடுத்தால் அறை போச்சு. கொடுக்காவிட்டால் நேரம் போகிறது, அதோடு அறையும் போகிறது. சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு கடந்து போனார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவன் போனான். பாதிரியார்கூடப் போனார், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

பதினொன்றே இருபது. இருபத்தைந்து.

நீளமாக ஒரு விசில். தடுப்புக் கட்டை முழுசாக விழுந்தது. நாற்காலி நகர்ந்தது. கதவைத் தட்டுகிற சத்தம், விருந்தாளி வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி மரியாதையாக.

"என்னங்க. வெளிய வாங்க. வெந்துடப் போறீங்க."

எத்தோரே சைக்கிளோடு இறங்கினார். காதில் ஒரு மழைச்சட்டையின் கை தொங்கியது.

"பஞ்சர் ஒட்டிட்டு இருந்தேன்."

"நாலு நாளா ஒட்டுறீங்களே, இன்னுமா காயல?"

"இப்ப விட்டாக்கூட ஏறிடுவேன்டி."

"ஏறுவீங்க. யாரு இல்லைன்னா? ஆனா சைக்கிளுக்கும் மூடி ரெண்டு நிமிஷம் ஆச்சு. மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு நானே சட்டத்த மீறலாமா?"

லோரிஸ் திடீரென்று டயரைக் குனிந்து ஆராயத் தொடங்கினான். எத்தோரே மலையைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், கடைசியில் சைக்கிளைப் பார்த்தார்.

"சரி, அறைய எடுத்துக்க. என் சைக்கிள் எங்க போகும், அதச் சொல்லு."

"அதுக்கா முகம் இப்படிப் போகுது? சைக்கிள் இல்லாம கடை எப்படி நடக்கும்? முன்னாடி ஒரு கூடை மாட்டிருவோம். கணவாய்க்கு மேல இருக்கிற மூணு விடுதியும் இப்பவே கசுன்சியே கேட்டிருக்கு. தினம் காலையில ஏறிப் போய்க் குடுத்துட்டு வரணும். அதுக்கு ஆளும் பாத்து வச்சிட்டேன். நல்ல ஆளு, சம்பளம் கேக்க மாட்டாரு, மூணு கணவாய் ஏறின அனுபவம் இருக்கு, போட்டோகூட என்கிட்ட இருக்கு. அவரு பேரு—"

"நிவேஸ், இங்க ஓடி வா, பந்தயக் காரு வந்திருச்சு" என்று மேலேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.